பதிவாகிவிட்டது

வாசற்கதவின் மேல் விளக்கு மறுபடியும் சிவப்பாக எரிந்தது.

நாகவள்ளி உள்ளங்கையைச் சேலையில் அழுத்தித் துடைத்துவிட்டுத் திரும்பவும் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தாள். விளக்கு சிவப்பிலேயே நின்றது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருப்பைத் தேய்த்தார்கள். ஒருத்தி நேரமாகிறது என்று முணுமுணுத்தாள்.

"கைல அழுக்கு இல்லம்மா. உன் பேர்லதான் இருக்கு" என்றார் காவலாளி. வயதானவர். குரலில் வெறுப்பு இல்லை, அலுப்புதான் இருந்தது. "தள்ளி நில்லு. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க பாரு."

"என்ன தப்பு பண்ணேன்னாச்சும் சொல்லுங்க."

"எனக்கு இன்னாம்மா தெரியும்? செவப்பு வந்தா வெளிய, பச்சை வந்தா உள்ள. அவ்ளோதான். நீ கடைசியா வேலை பாத்த கம்பெனி உன்னப் பத்தி எழுதி வச்சது எல்லா கேட்டுக்கும் போயிடும். என்னா எழுதினாங்கன்னு அவங்களத்தான் கேக்கணும். கேக்கறதுக்குச் சட்டம் இருக்கு. எழுதிப் போட்டேன்னா ஒரு தபா கூப்பிட்டு, உன் பதிவ உனக்கே படிச்சுக் காட்டுவாங்க."

நாகவள்ளி விளக்கைப் பார்த்தாள். இது எந்தக் கம்பெனியின் வாசல் என்பதே அவளுக்கு ஒரு கணம் மறந்துவிட்டது. போன வாரம் மாவு ஆலை. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடம். அதற்கு முன்னால் கோழிப் பண்ணை. கோழிக் கழிவை அள்ளக்கூட இவள் லாயக்கில்லை என்று எங்கோ ஒரு மெசின் எழுதி வைத்திருக்கிறது. கீழே கிடந்த ஒரு சல்லிக்கல்லின் மேல் அவள் பார்வை போய் நின்றது. எடுத்து அந்த விளக்கை உடைத்தால் அதுவும் எழுதப்படும். எடுக்காமல் நடந்தாள். நடக்க நடக்கக் கோபம் ஏறியதே ஒழிய இறங்கவில்லை.

அன்று மாலை பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குப் போனாள். வீடு என்றால் படப்பைக்கு உள்ளே தகரம் போட்ட வரிசையில் ஒரு அறை. இருவரும் கமுதிப் பக்கத்தில் ஒரே தெருக்காரிகள். ஒரே பேருந்தில் ஏற்றப்பட்டு, பேட்டரித் தகடு செய்யும் அந்தக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள். பஞ்சவர்ணம் கட்டிலில் தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய். காலடியில் ஆக்ஸிஜன் பெட்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

"மேலுக்கு எப்படி இருக்கு மதினி?"

"இருக்கு. மேலு இருக்கு, மூச்சுத்தான் வாடகைக்கு வாங்குறேன்." பஞ்சவர்ணம் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி முடிய நேரம் பிடித்தது. "ஒனக்கு என்னாச்சு? மூஞ்சி மொளகா அரைச்ச அம்மியாட்டம் இருக்கு."

"செவப்பு."

"அங்கயுமா?"

"அங்கயுந்தேன்."

பஞ்சவர்ணத்தின் புருசன் தவசி வாசலில் தண்ணீர் கேன்களை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தான். கேன் ஏற்றும் ஆட்டோ ஓட்டுகிறவன். நாகவள்ளியைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"படி. கம்பெனிலருந்து பதில் போட்டிருக்காக."

நாகவள்ளி படித்தாள். பூச்சுக் கூடத்தில் பணியாற்றிய எவரும், எந்தக் காலத்திலும், உடல்நலக் குறைவு ஏற்பட்டதாகத் தெரிவித்ததற்குப் பதிவு இல்லை. எனவே தங்கள் மனைவியின் நோய்க்கும் பணியிடத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் கருத இடமில்லை. வருத்தங்களுடன்.

"வக்கீலு என்ன சொல்றாருன்னா, ஒரு பதிவு போதுமாம். ஒரே ஒருத்தி, ஒரே ஒரு நாளு, ஒடம்பு முடியலன்னு சொன்னதா கம்பெனிப் பதிவுல இருந்தாப் போதுமாம். கம்பெனி வைத்தியம் பாத்தே ஆகணுமாம். ஆஸ்பத்திரில நெஞ்சுக்கூட்டத் தொறந்து கழுவணுங்குறாக. என் கேன் வண்டிய வித்தாலும் ஆகுற காரியமா அது?" தவசியின் குரல் உயர்ந்தது. "அம்புட்டுப் பேரு அந்த ரூமுக்குள்ள இருந்தீக. ஒருத்தி கூடவா வாயத் தொறக்கல?"

"சொன்னோம்ணே."

"யாருகிட்ட?"

நாகவள்ளி போனைத் திருப்பிக் கொடுத்தாள். "கொசுகிட்ட" என்றாள்.

கொசு என்பது அவர்கள் வைத்த பெயர். கம்பெனிச் சட்டையின் காலரில், காதுக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவில் ஒட்டியிருக்கும். எந்நேரமும் மெல்ல ரீங்கரிக்கும். மேஸ்திரி, மேற்பார்வையாளர் எல்லாம் அதுதான். தகடுகளுக்கு ரசாயனப் பூச்சுப் போடும் அந்தப் பூச்சுக் கூடத்துக்குள் மனித மேற்பார்வையாளர் யாரும் வந்ததில்லை. பழுத்து அழுகின பலாப்பழத்தின் வாடை அங்கே சுவரிலேயே ஊறியிருந்தது. உள்ளூர்ப் பெண்கள் அந்த வேலைக்கு வர மறுத்ததால்தான் தெற்கிலிருந்து பேருந்து வந்தது. விடுப்பு வேண்டுமானால் தாடையைத் தாழ்த்திக் காலரிடம் சொல்ல வேண்டும். காரணம் கேட்கும். சொன்னதும் மென்மையான பெண்குரலில், 'பதிவாகிவிட்டது' என்று பதில் வரும். அவ்வளவுதான். பதிவாகிவிட்டதே, இனி யாராவது வருவார்கள் என்று அவர்கள் காத்திருந்தார்கள். வந்ததெல்லாம் காரணம் சொல்லாத ஒழுங்கீனக் குறிப்பாணைகள். பிறகு வேலைநீக்கம்.

"அப்ப பதிவு எங்க?" என்றான் தவசி.

"அதத்தேன் கேக்கப் போறேன்" என்றாள் நாகவள்ளி. "என் பதிவ நான் கேக்கப் போறேன்."

கம்பெனியின் ஆள் நிர்வாக அலுவலகம் நகரத்துக்குள், கண்ணாடிக் கட்டிடம் ஒன்றின் உயரத்தில் இருந்தது. கேட்பறை என்று எழுதிய சிறிய அறையில் குளிர்சாதனம் எலும்புக்குள் இறங்கியது. மேசைக்கு அந்தப் பக்கம் நிவேதன் என்று மார்பில் பெயர் குத்திய இளைஞன். காகிதக் கோப்பையில் தேநீர்.

"உக்காருங்க மேடம்."

வேலை பார்த்தவரையில் அந்தக் கம்பெனியில் யாரும் அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை. பெயர்கூடச் சொன்னதில்லை. இப்போது துரத்தியாகிவிட்டது, மரியாதை கொடுப்பதில் அவர்களுக்கு ஒன்றும் குறையாது. நாகவள்ளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்க பதிவை மெசினே படிக்கும். நடுவுல சந்தேகம் இருந்தா கேளுங்க. இந்த ரூம்ல பேசறதும் பதிவாகும், அது வழக்கம். கடைசில உங்க முடிவைச் சொல்லணும். ஆரம்பிக்கலாமா?"

"வணக்கம், நாகவள்ளி" என்றது மேசை மேலிருந்த கறுப்பு வட்டு.

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அதே குரல். அதே கொசு. இங்கே அது மேசை மேல் உட்கார்ந்திருக்கிறது.

"முதல் பதிவு. இடம்: பூச்சுக் கூடம். விடுப்புக் கோரியபோது ஊழியர், 'மேலிடத்துக்கு முடியாது' எனக் கூறினார். வகை: கீழ்ப்படிய மறுத்தல்."

"நான் அப்படிச் சொல்லல."

"இரண்டாம் பதிவு. பணியின்போது ஊழியர் தொடர்ந்து இடையூறு ஒலி எழுப்பினார். வகை: எதிர்ப்பு."

"என்ன ஒலி?"

"தொண்டையிலிருந்து எழும் ஒலி. குறுகியது. திரும்பத் திரும்ப வருவது."

நாகவள்ளி அந்த வட்டைப் பார்த்தாள். "இருமல்" என்றாள் மெதுவாக. "நான் இருமுனேன்."

"மூன்றாம் பதிவு. ஊழியர் நெஞ்சு கரிப்பதாகக் கூறினார். வகை: உணவகம் குறித்த குறை."

நிவேதன் தன் போனில் ஏதோ தள்ளிக்கொண்டிருந்தான். நாகவள்ளிக்குக் காதுமடல் கொதித்தது. அந்தக் கரிப்பு அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. பூச்சுத் தொட்டியின் மூடியைத் திறந்ததும் மார்புக்குள் யாரோ நெருப்புக்குச்சியைக் கிழித்த மாதிரி இருக்கும். உணவகச் சாம்பார் மேல் பழியைப் போட்டிருக்கிறார்கள்.

"சார், நான் பேசுனத அப்படியே போட்டுக் காட்டச் சொல்லுங்க. என் குரல நான் கேக்கணும்."

"குரல் இருக்காது மேடம்." நிவேதன் நிமிர்ந்தான். சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான். "உங்க நல்லதுக்குத்தான். ஊழியரோட குரலைக் கம்பெனி வச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சு. அன்னன்னிக்கே அழிச்சுடுவோம். நீங்க பேசினதோட அர்த்தம் மட்டும் இருக்கும்."

"அர்த்தத்த யாரு எழுதுறா?"

"அதுதான்" என்று வட்டைக் காட்டினான். "லட்சக்கணக்கான பேர் பேசினதைக் கேட்டுப் பழகினது. நம்மளவிட நல்லாத் தமிழ் புரியும் அதுக்கு."

"நான்காம் பதிவு" என்றது வட்டு. "ஊழியர் மேலிடத்திடம் சேட்டை செய்தார். வகை: மரியாதைக் குறைவு."

"சேட்டையா? யாருகிட்ட? அந்த ரூம்ல எங்களத் தவிர யாரு இருந்தா?" நாகவள்ளியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. ஊரில் நாலு பேர் முன்னால் பேசுவதற்குக் கூச்சப்படுகிறவள் அவள். "என் வாய்லருந்து வந்த வார்த்தை என்ன? அதச் சொல்லு."

"குரல் அழிக்கப்பட்டது. பதிவுக்கு அடிப்படையான மூலச்சொற்கள் மட்டும் உள்ளன."

"அதச் சொல்லு."

"முதல் பதிவின் மூலச்சொற்கள்: 'மேலுக்கு', 'முடியல'. நான்காம் பதிவின் மூலச்சொற்கள்: 'மேலுக்கு', 'சேட்டமில்ல'. மேல் என்பது உயரத்தைக் குறிக்கும் சொல். பணியிடத்தில் உயர்ந்த இடம் மேலிடம். எனவே மேலுக்கு என்பது மேலிடத்துக்கு. சேட்டமில்ல என்பது பிழையான உச்சரிப்பு. அருகிலுள்ள சொல் சேட்டை."

நாகவள்ளிக்கு இப்போதுதான் புரிந்தது.

மேலு என்றால் உடம்பு. கமுதியில், முதுகுளத்தூரில், அவளுக்குத் தெரிந்த ஊர் அத்தனையிலும் மேலு என்றால் உடம்புதான். வேலை முடிந்து வந்தால் மேல் கழுவுவார்கள். அடிபட்டால் மேலெல்லாம் வலிக்கும். காய்ச்சல் வந்தால் மேலுக்கு முடியாது. கிறுகிறுப்பு என்றால் மேலுக்குச் சேட்டமில்லை. பால்குடிப் பிள்ளை அழுதால்கூட, மேலுக்கு என்னமோ என்றுதான் பெற்றவள் முதலில் சொல்வாள். அந்த அறையில் அத்தனை பேரும் காலரிடம் குனிந்து குனிந்து அதைத்தான் சொன்னார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்கள். வாந்தியெடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இந்தச் சனியன், திமிர் பிடித்தவள் என்று எழுதியிருக்கிறது. எழுதிவிட்டு, அந்தக் குரலில், பதிவாகிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறது.

வாயைத் திறந்தாள். மேசையைத் தூக்கி அவன் மடியில் கவிழ்க்கிற அளவுக்கு வார்த்தைகள் திரண்டு நின்றன. ஆனால் நிவேதன் முந்திக்கொண்டான்.

"ஏதோ ஒரு வார்த்தையைத் தப்பா எடுத்திருக்கு போல. அவ்ளோதானே? டென்ஷன் ஆகாதீங்க. திருத்தம் போட்டுடலாம்." அவன் தன் திரையில் எதையோ பார்த்தான். "அட, உங்க பேட்ச் பொண்ணுங்க எல்லார் பதிவுலயும் இதே வார்த்தைதான் வருது. நீங்க ஒருத்தர் திருத்தம் கேட்டாலே போதும். ஒரே வார்த்தையால வந்த தப்புன்னா எல்லார்கிட்டேர்ந்தும் ஒரே தட்டுல அழிச்சிடும். நாளைக்குக் காலைல உங்க எல்லாருக்கும் விளக்கு பச்சை. நல்ல காரியம் பண்ணிட்டீங்க மேடம்."

பச்சை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் இன்னும் ஆள் எடுக்கிறார்கள். அவளுக்கு மட்டுமா, அத்தனை பேருக்கும் பச்சை. நெஞ்சுக்குள் ஏதோ இளகி, சரி என்று சொல்ல உதடு பிரிந்துவிட்டது.

"அழிச்சா..." என்றாள். "அப்புறம் என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. சுத்தம். தப்பான தகவலை வச்சிருந்தா எங்களுக்குத்தான் அபராதம். அடையாளமே இருக்காது."

அடையாளமே இருக்காது. தவசி நீட்டிய போனில் இருந்த எழுத்துகள் அவள் கண்முன் வந்தன. எவரும், எந்தக் காலத்திலும், பதிவு இல்லை. பொய் என்று நினைத்திருந்தாள். இப்போதுதான் தெரிகிறது, அது பொய்யில்லை. அவர்களுக்கே தெரியாமல் பதிவு அவர்களிடமே இருக்கிறது. எந்த நாள், எந்த நேரம், எவளுக்கு முடியவில்லை, எவள் எத்தனை முறை இருமினாள், எல்லாம் இருக்கிறது. திமிர் என்ற தலைப்பின் கீழே இருக்கிறது. அவள் இப்போது நியாயம் கேட்டால், தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால், இந்தப் பையன் நல்ல மனசோடு அதை அழித்துவிடுவான். அவனிடம் மேலு என்றால் என்ன என்று விளக்கிவிட்டாலோ, நல்ல மனசுகூட வேண்டியதில்லை, கம்பெனியைக் காப்பாற்றவே அழித்துவிடுவான்.

"இதெல்லாம் சரிதான்னு நான் சொல்லிட்டா?"

நிவேதன் புரியாமல் பார்த்தான். வட்டு பதில் சொன்னது. "ஊழியர் உறுதி செய்தால் பதிவுக்கு முத்திரை விழும். மூலச்சொற்களுடன் ஒரு படி ஊழியருக்கும் ஒரு படி தொழிலாளர் துறைக்கும் போகும். அதன்பின் இரு தரப்பாலும் மாற்ற இயலாது."

"அப்படி யாரும் பண்ண மாட்டாங்க மேடம். சிவப்பு நிரந்தரமாயிடும். வாழ்க்கை பூரா எந்தக் கேட்டும் திறக்காது. நான் அழிச்சுத் தரேங்கறேன், நீங்க..."

"எழுதுனது அம்புட்டும் நான் சொன்னதுதான் சார்" என்றாள் நாகவள்ளி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் வார்த்தைகள் தட்டையாக வந்தன. "மேலுக்கு முடியலன்னு சொன்னேன். சேட்டமில்லன்னும் சொன்னேன். நான்தேன் சொன்னேன். உறுதி."

"பதிவாகிவிட்டது" என்றது வட்டு.

நிவேதன் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கசக்கிக் கூடையில் போட்டான். இந்த மாதிரி ஆட்களுக்கு என்ன செய்தாலும் இப்படித்தான் என்பதுபோல் இருந்தது அவன் முகம். அந்த முகத்தை அறையாமல் எழுந்து வந்ததுதான் அவள் அதுவரை செய்த வேலைகளிலேயே கடினமான வேலை.

விஷயத்தைக் கேட்டதும் பஞ்சவர்ணம் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. தவசி பயந்துபோய்ப் பெட்டியின் குமிழைத் திருகினான்.

"அப்ப நம்ம இருமுனத எல்லாம் எழுதி வச்சிருக்கா?"

"எண்ணி வச்சிருக்கு மதினி."

"புண்ணியவதி. எங்காத்தா கூட எண்ணல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் கண் நனைந்துதான் இருந்தது. "சேட்டை பண்ணேனாமா சேட்டை. நெதானமா நிக்கவே முடியாம செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னவளுக்கு."

தவசி ஒரு நாற்காலியை இழுத்து நாகவள்ளிக்குப் போட்டான். மன்னிப்பு என்று அவனுக்குத் தெரிந்தது அதுதான். போட்டுவிட்டு, வாசலுக்குப் போய் வக்கீலுக்குப் போன் செய்தான்.

வக்கீல் சொன்னது இது: ஒருத்தியின் பதிவைக் காட்டினால், அவள் ஒருத்தியின் திமிர் என்று கம்பெனி வாதாடும். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் உறுதி செய்து, எல்லாப் படிகளிலும் அதே மூலச்சொல் இருந்தால், மேலு என்றால் உடம்பு என்று சொல்ல அந்தப் பக்கத்து ஆள் யாரைக் கூண்டில் ஏற்றினாலும் போதும். ஒரே ஒரு ஆபத்து உண்டு. அவர்களில் யாராவது ஒருத்தி முந்திக்கொண்டு திருத்தம் கேட்டுவிட்டால், முத்திரை விழாத பதிவுகள் எல்லாம் ஒரே தட்டில் போய்விடும்.

அதனால் நாகவள்ளி ஒவ்வொருத்திக்காகப் போன் பண்ணினாள். பேசிப் பழக்கமில்லாத வாய். சிலர் முழுதும் கேட்குமுன்பே சரி என்றார்கள். சிலர் அழுதார்கள். காளீஸ்வரி மட்டும் சண்டைக்கு வந்தாள். அவள் ஏற்கெனவே தன் பதிவைக் கேட்டு எழுதிப் போட்டிருந்தாள். திருத்தம் வாங்கத்தான் எழுதிப் போட்டிருந்தாள்.

"நீ செவப்பா இருக்கணும்னா இருந்துட்டுப் போ. என்னைய ஏன்டி இழுக்குற? பஞ்சவர்ணத்துக்கு ஒரு புருசன் இருக்காரு பாக்க. எனக்கு யாரு இருக்கா? ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு நான் ஒவ்வொரு கம்பெனி கேட்டா அலையுறேன். திருத்தம் போட்டா பச்சை கெடைக்குமாம். வேணாங்கச் சொல்லுறியா?"

"ஆமா."

"வெக்கமா இல்ல ஒனக்கு?"

"இருக்கு" என்றாள் நாகவள்ளி. "நீ இப்ப எப்படி மூச்சு வாங்குற காளீ? மாடி ஏறுனா எங்க நிக்குற?"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. கரகரவென்று, காகிதத்தைக் கசக்குகிற மாதிரி. நாகவள்ளிக்கு அந்தச் சத்தம் தெரியும். அவளுடைய சத்தமும் அதுதான். பிறகு இணைப்பு அறுந்தது.

கேட்பறைக்கு அவர்கள் வந்த நாளில் வரவேற்பறையின் நாற்காலிகள் போதவில்லை. சிலர் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்தி இருமிக்கொண்டிருந்தார்கள். வரவேற்பு மேசைப் பெண் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். காளீஸ்வரி கடைசியாக வந்தாள். நாகவள்ளியின் பக்கம் திரும்பவேயில்லை. பேர் கூப்பிட்டதும் நேராக உள்ளே போனாள்.

கதவு சாத்தியிருந்த நேரம் முழுக்க நாகவள்ளி தன் சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். காளீஸ்வரி உள்ளே சொல்லும் ஒரு வார்த்தையில் மிச்சமிருப்பவர்களின் பதிவு போய்விடும். அந்த மிச்சத்தில்தான் பஞ்சவர்ணத்துடையது இருந்தது. கதவு திறந்தது. காளீஸ்வரி வெளியே வந்தாள். முகம் கன்றியிருந்தது.

"என் பிள்ளைகளுக்கு நீதேன் சோறு போடணும், சொல்லிட்டேன்" என்றாள் நாகவள்ளியிடம். "உறுதின்னுட்டேன்."

பஞ்சவர்ணத்தைத் தவசி தூக்கி வந்து சக்கர நாற்காலியில் வைத்திருந்தான். உள்ளே துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள். நாகவள்ளி தள்ளிக்கொண்டு போனாள். ஆக்ஸிஜன் பெட்டி அவள் தோளில் தொங்கியது.

நிவேதன் உற்சாகமாக இருந்தான். "என்ன மேடம், எல்லாருமே உறுதி போடறீங்க? எனக்கு வேலையே இல்லாம பண்ணிட்டீங்க. திடீர்னு இவ்ளோ நேர்மையா?"

வட்டு பதிவுகளைப் படித்தது. கீழ்ப்படிய மறுத்தல். எதிர்ப்பு. மரியாதைக் குறைவு. மெத்தனம். மறுபடியும் கீழ்ப்படிய மறுத்தல். நாகவள்ளியின் பதிவைவிடப் பஞ்சவர்ணத்தின் பதிவு நீளமாக இருந்தது. நிவேதன் கொட்டாவி விட்டான். பஞ்சவர்ணம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். படித்து முடிப்பதற்குள் அவள் உதடு நீலமாகிவிட்டது. உடம்பு நாற்காலியில் சரிந்தது.

"என்னம்மா, என்னாச்சு?" நிவேதன் பாதி எழுந்தான். "தண்ணி வேணுமா?"

பஞ்சவர்ணம் உள்ளங்கையை மார்பில் வைத்து அழுத்தினாள். பேச மூச்சு சேர்க்க வேண்டியிருந்தது.

"மேலுக்கு முடியல, தம்பி" என்றாள்.

"புதிய பதிவு" என்றது வட்டு. "முன்னாள் ஊழியர், 'மேலிடத்துக்கு முடியாது' எனக் கூறினார். வகை: கீழ்ப்படிய மறுத்தல்."

நிவேதன் அப்படியே நின்றான். அவன் பார்வை வட்டிலிருந்து அவள் மார்பில் இருந்த கைக்குப் போனது. அங்கிருந்து மூக்குக் குழாய்க்கு, நீலம் பாரித்த உதட்டுக்கு, திரும்பவும் வட்டுக்கு. கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள். இன்னொருத்தி இருமினாள். அவன் இப்போதுதான் அதைக் கேட்கிறான் என்று தெரிந்தது.

"மேலுன்னா..." என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "மேடம், மேலுன்னா உங்க ஊர்ல என்ன?"

நாகவள்ளி பெட்டியின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"உங்க மெசின்கிட்டக் கேளுங்க சார். அர்த்தம் எழுதுறது அதுதான?"

அவன் மெல்ல உட்கார்ந்தான். குரல் இறங்கிவிட்டது. கெஞ்சலா பயமா என்று பிரிக்க முடியவில்லை. "அம்மா, திருத்தம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நானே எல்லாத்தையும் சரி பண்ணி..."

பஞ்சவர்ணம் அவனைப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த வட்டைத்தான் பார்த்தாள். காலரிடம் குனிந்து சொல்லுவதுபோல் தாடையைத் தாழ்த்தினாள்.

"உறுதி" என்றாள்.

"பதிவாகிவிட்டது" என்றது கொசு, அதே மென்மையான குரலில்.